வெங்காயம் பொரியும் வாசனை: அமெரிக்காவில் அசல் தைவான் சாப்பாட்டையும் தைவான்காரர்களையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தைவானின் சின்ச்சு நகரத்தில் நாலு வருடம் ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வந்து சேர்ந்தேன். இங்கே இட்லி தோசைக்குப் பஞ்சமே இல்லை. ஆர்ட்டீசியாவுக்கு வண்டியை விட்டால் கறிவேப்பிலையிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும். எனக்கு ஏக்கமெல்லாம் ஒரு கிண்ணம் லூ-ரோ-ஃபான் மேல்தான். பொடியாக நறுக்கிய பன்றி வயிற்றுக்கறியை வெங்காயம், சோயா சாஸ் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்களே, அது.

வந்த முதல் வாரமே 'தைவான்' என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உதிரி உதிரியான நீள அரிசிச் சோறு, மேலே கொத்துக்கறி, அதன் மேல் மாவு கரைத்த குழம்பு. வெங்காய வாசனை மருந்துக்கும் இல்லை. அப்புறம் ஆறு மாதம் இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். நல்ல சாப்பாடு கிடைத்ததெல்லாம் மனிதர்கள் பழகிய பிறகுதான். அந்த ஆறு மாதம் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தைவானில் இருந்துவிட்டு வேறு நாட்டுக்கு மாறியவர்கள், தைவான் மருமகளோ மருமகனோ வீட்டுக்கு வந்திருப்பவர்கள், அலுவலகத்துத் தைவான் நண்பர் கொடுத்த அன்னாசி கேக்கில் மயங்கியவர்கள் எல்லாருக்கும் இது உதவும்.

படி 1: உங்கள் நாக்கு தேடுவது எந்தத் தைவானை?

'தைவான் சாப்பாடு' என்று ஒரே சாப்பாடு கிடையாது. அடியில் இருப்பது சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களின் சமையல்: சிப்பி, சக்கரவள்ளிக் கிழங்கு மாவு, மெல்லிய இனிப்பு. அதன் பக்கத்தில் ஹக்கா மக்களின் உப்பும் ஊறுகாயும் கலந்த சமையல். மலைகளிலும் கிழக்குக் கரையிலும் பூர்வகுடிகளின் தினையும் மூங்கில் குழாய்ச் சோறும். 1895 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சி விட்டுப்போனவை 'பியென்-தாங்' என்ற பெட்டிச் சாப்பாடு, லூ-ரோ-ஃபான் ஓரத்தில் வரும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசி.

1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாதப் படையோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவுக்கு வந்தார்கள். அவர்களோடு சிச்சுவான் மிளகாய் விழுதும் ஷாண்டோங் ரொட்டியும் வந்தன. கூடவே அமெரிக்க உதவிக் கோதுமை வந்து இறங்கியது. இன்று தைவானின் தேசிய உணவு போலப் பேசப்படும் நியூ-ரோ-மியென், அதாவது மாட்டிறைச்சி நூடுல்ஸ், இந்தக் கலப்பில் பிறந்ததுதான். தெற்கே காங்ஷானில் குடியேறிய விமானப்படைக் குடும்பங்களின் கைப்பக்குவம் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நமக்காக ஏர் உழுத மாட்டையா தின்பது என்று இன்றும் மாட்டிறைச்சியைத் தொடாத பழைய விவசாயக் குடும்பங்கள் அங்கே உண்டு.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கார நூடுல்ஸுக்கு ஏங்குபவர் போகவேண்டிய கடை வேறு, சிப்பி ஆம்லெட்டுக்கு ஏங்குபவர் போகவேண்டிய கடை வேறு. சமைப்பவரின் குடும்பம் எந்த அடுக்கிலிருந்து வந்ததோ, அந்த அடுக்கில்தான் அவர் கை பேசும். ஒரு தாளில் உங்களுக்கு வேண்டிய ஐந்து பண்டங்களை எழுதி வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தைவான் மாணவர்கள் மேற்படிப்புக்கு வந்து தங்க ஆரம்பித்தார்கள். 1982இல் தைவானுக்குத் தனியாக ஆண்டுக்கு 20,000 விசா என்று ஒதுக்கீடு வந்ததும் கூட்டம் பெருகியது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே மான்டரே பார்க் என்ற ஊருக்குக் 'குட்டித் தைபே' என்றே பெயர் வந்தது.

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நேராக அங்கே போய் ஏமாறாதீர்கள். காசு சேர்ந்த தைவான் குடும்பங்கள் கிழக்கே நகர்ந்து பல காலம் ஆகிவிட்டது. இன்று தேட வேண்டியது ஆர்க்கேடியா, டெம்பிள் சிட்டி, ஹசியெண்டா ஹைட்ஸ், ரோலண்ட் ஹைட்ஸ். காலை டிபன் கடை வேண்டுமா, மொறுமொறு கோழி வேண்டுமா, ரோலண்ட் ஹைட்ஸில் ஒரு பேரங்காடி வளாகத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

வடக்கே கூப்பர்டினோ, மில்பீடஸ், ஃப்ரீமாண்ட். அங்கே சிப் கம்பெனிகள் இருக்கின்றன, அதனால் தைவான் பொறியாளர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் ஃப்ளஷிங், எல்ம்ஹர்ஸ்ட். ஃப்ளஷிங் 1970களில் தைவான்காரர்கள் கட்டிய பேட்டை. இப்போது சீனாவின் எல்லா மாகாணங்களும் அங்கே கடை போட்டிருக்கின்றன, தைவான் கடைகளைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஹூஸ்டனில் பெல்லேர் பக்கம்.

இதில் எதுவும் உங்கள் ஊர் இல்லையா? தைவான்காரர்கள் எந்த வேலைக்கு உங்கள் ஊருக்கு வருவார்கள் என்று யோசியுங்கள். தைவானின் சிப் கம்பெனியான டிஎஸ்எம்சி 2020இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஆலை அமைப்பதாக அறிவித்தது. ஜப்பானில் குமமோட்டோவிலும் ஜெர்மனியில் டிரெஸ்டனிலும் அதே கம்பெனி கால் வைத்திருக்கிறது. பொறியாளர் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையிலிருந்து பெட்டிச் சாப்பாடு விற்க ஆரம்பிப்பார். நம் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் இட்லி மாவு விற்பதில்லையா, அதே கதைதான்.

படி 3: போர்டைப் படியுங்கள், சீனம் தெரியாவிட்டாலும்

கடை வாசலில் ஒரு குட்டி முக்கோணம், அதன் கீழே ஒரு சதுரப் பெட்டி. ஐந்தே கோடு. அதுதான் 'தாய்', தைவானின் முதல் எழுத்து. இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாலே பாதிக் கடைகள் பிடிபடும்.

அடுத்தது எழுத்தின் அடர்த்தி. தைவானில் பழைய வடிவ எழுத்து, சீனாவில் எளிமையாக்கிய எழுத்து. நூடுல்ஸ் என்ற ஒரு சொல்லே தைவான் முறையில் 20 கோடு, சீன முறையில் 9 கோடு. எழுத்து கறுத்து நெருக்கமாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் ஹாங்காங்காரர்களும் பழைய எழுத்துதான், அதனால் இது மட்டும் போதாது. 'பொ-ப்பொ-மொ-ஃபொ' என்ற 37 ஒலிக்குறிகள் இருக்கின்றன, தைவான் பிள்ளைகள் முதல் வகுப்பில் படிப்பவை. பார்க்க ஜப்பானிய எழுத்தின் சித்தி பிள்ளை போல இருக்கும். அது போர்டில் விளையாட்டாக எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே போங்கள்.

பேச்சிலும் ஒரு சோதனை உண்டு. கட்டிக் கொடுப்பதற்குத் தைவானில் 'வாய்-தாய்' என்பார்கள், சீனாவில் 'தா-பாவ்'. 'தூ-தோ' என்றால் சீனாவில் உருளைக்கிழங்கு, தைவானில் வேர்க்கடலை. ஹொக்கியன் கேட்டு வளர்ந்த பினாங்குத் தமிழர்களுக்கு இன்னும் சுலபம், தைவான்காரர் பேசும் ஹொக்கியன் காதில் பட்டதும் புரிந்துவிடும்.

பபிள் டீ கடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 1980களில் தைவானில் பிறந்த பானம்தான், இன்று யார் வேண்டுமானாலும் விற்கிறார்கள். தின் தாய் ஃபுங்கும் அப்படித்தான். தைபேயில் எண்ணெய்க் கடையாகத் தொடங்கிய அந்த நிறுவனம் 2000இல் ஆர்க்கேடியாவில் அமெரிக்காவின் முதல் கிளையைத் திறந்தது. சுத்தம், நேர்த்தி, எல்லாம் சரி. ஆனால் அந்தச் சாறு நிறைந்த கொழுக்கட்டை ஷாங்காய்ப் பக்கத்துப் பண்டம். தைவான்காரர் தினமும் சாப்பிடுவது அதை அல்ல.

படி 4: ஒரு பண்டம் சொல்லி எடை போடுங்கள்

நூறு, இருநூறு வகை எழுதிய மெனுவைக் கண்டால் நான் திரும்பி நடந்துவிடுவேன். தைவானில் நல்ல கடை என்பது நாலைந்து பண்டத்தை இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கும் கடை.

காலை டிபன் கடையில் தான்-பிங் கேளுங்கள். மெல்லிய மாவு அடையில் முட்டை ஒட்டிச் சுருட்டி வெட்டித் தருவது. அதன் மேல் விழும் சாஸ்தான் சாட்சி. 'ஜியாங்-யோ-காவ்' என்ற கெட்டியான, லேசாக இனிக்கும் சோயா சாஸ் வர வேண்டும். தண்ணீராக ஓடும் சாதாரண சோயா சாஸ் வந்தால் அந்தக் கடைக்காரருக்குத் தைவான் தூரத்துச் சொந்தம் என்று அர்த்தம்.

மொறுமொறு கோழியில் துளசி மாதிரி இலைகளைக் கடைசி நொடியில் எண்ணெயில் போட்டுப் பொரித்துக் கலந்திருக்க வேண்டும். 'ஒன்பது அடுக்குக் கோபுரம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட இலை. நம்ம திருநீற்றுப்பச்சிலை இனம்தான். குவா-பாவ் என்ற பன்னைப் பிரித்துப் பார்த்தால் சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடியும் கொத்தமல்லியும் கடுகுக்கீரை ஊறுகாயும் தெரிய வேண்டும். சிப்பி போட்ட சேமியாவுக்குக் கருப்பு வினிகரும் பூண்டு விழுதும். லூ-ரோ-ஃபானில் கறி கொத்தியதாக இல்லாமல் தோலோடு கத்தியால் நறுக்கியதாக இருக்க வேண்டும், இரண்டு வாய் சாப்பிட்டதும் உதடு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் தோலைப் போடாமல் ஏமாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று: 'கியூ' என்று சொல்வார்கள், மென்மையாகவும் இழுவையாகவும் பல்லுக்கு எதிர்த்து நிற்கும் பதம். மீன் உருண்டை, நூடுல்ஸ், மரவள்ளி முத்து எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். சாப்பிட்டுவிட்டு 'ஹென் கியூ' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கல்லாவில் இருக்கும் முதலாளியம்மாவை 'லாவ்பான்-நியாங்' என்று கூப்பிடுங்கள். அடுத்த முறை மெனுவில் இல்லாத ஏதோ ஒன்று உங்கள் மேசைக்கு வரும். ரோலண்ட் ஹைட்ஸில் ஒரு அம்மா என் மூன்றாவது வருகையில், "சின்ச்சுவில் இருந்தாயா? அந்தக் காற்று இன்னும் அப்படியே அடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்கு வைத்திருந்த கோங்-வான் (பன்றிக்கறி உருண்டை) சூப்பில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். சின்ச்சுவின் காற்றுதான் அந்த ஊர் அரிசி சேமியாவைக் காயவைப்பது. அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததில் எங்கள் இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

சைவர்களுக்கு

பயப்பட வேண்டாம், தைவான் சைவர்களின் சொர்க்கம். பௌத்த வழக்கப்படி வெங்காயம், பூண்டு வகைகளையும் தவிர்க்கும் முழுச்சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது என்று அங்கே பொட்டலத்திலேயே பிரித்து எழுதியிருப்பார்கள். தைவானில் சைவக் கடை வாசலில் ஸ்வஸ்திகா இருக்கும். அமெரிக்காவில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டதால் இங்கே அதிகம் பார்க்க முடியாது, சைவம் என்று பொருள்படும் 'சூ' என்ற சொல்லைத்தான் கேட்டுத் தேட வேண்டும். ஹசியெண்டா ஹைட்ஸில் 1988இல் கட்டி முடித்த ஷீ லாய் கோயில், தைவானின் ஃபோ குவாங் ஷான் மடத்தைச் சேர்ந்தது. அங்கே மதியச் சைவச் சாப்பாடு உண்டு, நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உஷாராக இருக்க வேண்டியவை: முள்ளங்கி கேக்கில் உலர்ந்த இறால், ஷா-சா சாஸில் மீனும் இறாலும், நாறும் டோஃபுவை ஊறவைக்கும் நீரில் என்னென்னவோ. பார்க்கச் சைவம் போலவே இருக்கும்.

படி 5: வீட்டில் ஒரு அலமாரி

1984இல் ஒரு தைவான் குடியேறி தொடங்கிய 99 ரான்ச் மார்க்கெட் உங்கள் ஊரில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் வீ போன்ற வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகள். வாங்க வேண்டியது: கிம்லான் அல்லது வான் ஜா ஷான் சோயா சாஸ், அதன் கெட்டி வடிவம், கொங் யென் கருப்பு வினிகர், குருணை போல இருக்கும் சக்கரவள்ளி மாவு, காளைத் தலை போட்ட ஷா-சா டப்பா, வறுத்த எள்ளில் ஆட்டிய கருப்பு எண்ணெய். நம் நல்லெண்ணெய் இதற்கு மாற்று ஆகாது, அது வறுக்காத எள். சமையல் அரிசி மது வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், உப்பு சேர்த்ததாக இருக்கலாம். நான் பார்க்காமல் வாங்கி ஒரு பானை கோழியைக் கடல்நீராக்கியிருக்கிறேன்.

முக்கியமான பொருள் ஒன்றுக்கு நீங்கள் சீனக் கடைக்கே போக வேண்டாம். தைவான் சமையலின் உயிர் சின்ன வெங்காயம். சாம்பாருக்கு வாங்கும் அதே வெங்காயம்தான்.

600 கிராம் பன்றி வயிற்றுக்கறி (தைவானில் ஒரு 'ஜின்' அதுதான்), தோலோடு மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். 150 கிராம் சின்ன வெங்காயத்தை வட்டமாக அரிந்து, பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ சின்னத் தீயில் பொரியுங்கள். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிட வேண்டும், வெளியே எடுத்த பிறகும் சூட்டில் கறுக்கும், கசந்தால் பானை முழுக்கப் போச்சு. அதே எண்ணெயில் கறியைக் கொழுப்பு உருகும் வரை வதக்கி, கற்கண்டு ஒரு கரண்டி, சோயா சாஸ் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக, அரிசி மது அரை கப், ஐந்து மசாலாப் பொடி சிட்டிகை, கறி மூழ்கத் தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அவித்த முட்டைகளையும் உள்ளே போடுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் ஷிட்டாகே காளானும் கெட்டி டோஃபுவும் வைத்துச் செய்யலாம், உதடு ஒட்டாது, வாசனை அதேதான். சோற்றுக்குக் கலிஃபோர்னியாவில் விளையும் கால்ரோஸ் அரிசி சரியாக வரும். பாஸ்மதி வேண்டவே வேண்டாம், பொன்னியும் ஒட்டாது.

முடிந்தால் ஒரு தாத்துங் மின்பானை வாங்குங்கள். 1960இல் வந்த வடிவம், இன்றும் மாறவில்லை. வெளிப்பானையில் ஒரு கப் தண்ணீர், உள்ளே பாத்திரம், ஒரே ஒரு சுவிட்ச். தண்ணீர் வற்றியதும் 'டக்' என்று மேலே எகிறும். அந்தக் காலத்தில் மேற்படிப்புக்குக் கிளம்பிய பிள்ளைகள் பெட்டியில் சுமந்து வந்த பானை இது. தைவானும் அமெரிக்காவும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் என்பதால் இங்கே அப்படியே ஓடும். ஐரோப்பாவுக்கோ இந்தியாவுக்கோ என்றால் 220 வோல்ட் வகைதான் வாங்க வேண்டும்.

தைவான் போய்வரும் நண்பரிடம் பொருள் சொல்லி விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்றிக்கறித் துருவல், இறைச்சி போட்ட நூடுல்ஸ் பாக்கெட்டுகள் அமெரிக்கச் சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். அன்னாசி கேக், டீத்தூள் என்றால் பிரச்சினை இல்லை, படிவத்தில் மறைக்காமல் எழுதினால் போதும்.

படி 6: மனிதர்கள்

இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

தைவான்காரர்கள் சீனர்கள் போல வீசாட்டில் இருப்பதில்லை. லைன் என்ற செயலியின் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும்தான் அவர்கள் புழக்கம். 'தைவான்' என்ற சொல்லோடு உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் தேடுங்கள். வீட்டுச் சமையல் விற்பவர்கள், பிரசவமான பெண்களுக்கு எள்ளெண்ணெய்க் கோழி சமைத்து அனுப்புபவர்கள், பழைய தாத்துங் பானை விற்பவர்கள் எல்லாரும் அங்கேதான்.

அடுத்தது அமைப்புகள். தைவான் அரசின் பிரதிநிதி அலுவலகத்துக்குக் கலாச்சார மையங்கள் உண்டு: எல் மாண்டே, மில்பீடஸ், ஃப்ளஷிங். ரோஸ்மீடில் தைவானியர்களே காசு போட்டு நடத்தும் தைவான் சென்டர். மே மாதம் தைவான்-அமெரிக்கர் பாரம்பரிய வாரம். அப்போது நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் 'பாஸ்போர்ட் டு தைவான்' விழா நடக்கும். கல்லூரியில் இருப்பவர்கள் தைவான் மாணவர் சங்கத்தைத் தேடலாம், வெளியாட்களையும் கூசாமல் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் உள்ளே போகும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். வெளிநாட்டில் அரசை எதிர்த்துப் பேசியவர்கள் கருப்புப் பட்டியலில் ஏறி, அப்பா அம்மா சாவுக்குக்கூட ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். தைவான் மொழியில், அதாவது அந்த ஊர் ஹொக்கியனில், வழிபாடு நடக்கும் பிரஸ்பிட்டீரியன் சபைகளும் தைவானியர் சங்கங்களும் அவர்களுக்குச் சொந்த வீடு போல ஆனது அப்படித்தான். 1947இல் தேசியவாத அரசின் படை நடத்திய படுகொலையை நினைத்து பிப்ரவரி 28இல் கூடுபவர்கள் ஒரு பக்கம். சீனக் குடியரசின் (தைவான் அரசின் அதிகாரப்பூர்வப் பெயர் அது) தேசிய நாளான அக்டோபர் 10இல் கொடியேற்றுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நல்லவர்கள், இரண்டு பக்கமும் அருமையாகச் சமைப்பார்கள். முதல் சந்திப்பிலேயே "நீங்கள் சீனரா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊர் எது என்று கேளுங்கள். தைனான், சாங்ஹுவா, ஹுவாலியென் என்று பதில் வந்ததும் அந்த ஊர்ப் பண்டத்தைப் பற்றிக் கேளுங்கள், அரைமணி நேரம் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை.

வெறுங்கையோடு போகாதீர்கள். நான் முறுக்கு கொண்டுபோவேன், எல்லாருக்கும் பிடிக்கிறது.

போக ஒரு நல்ல சமயம் வேண்டுமென்றால், சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள். பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன். சபைகளும் பள்ளிகளும் நிதிக்காக பா-ட்சாங் என்ற மூங்கில் இலைச் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்கும். கட்டுவதற்கு எப்போதும் ஆள் குறையும், "நானும் வரட்டுமா?" என்று கேட்டால் போதும்.

நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. கதவைத் திறந்ததும் சின்ன வெங்காயம் பொரியும் வாசனை முகத்தில் அடித்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சியா பா புவே?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊரில் கேட்பது போலவே, வணக்கத்துக்குப் பதில் அதுதான். சாப்பிடவில்லை என்றேன். கையில் ஒரு கிண்ணம் வந்தது, பிறகுதான் வேலை.

இரண்டு இலையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கூம்பாக மடித்து, அரிசி, கறி, காளான், உப்பு மஞ்சள் கரு, வேர்க்கடலை வைத்து, மேலே அரிசி மூடி, நாலு முனையும் கூராக வரும்படி மடக்க வேண்டும். மேசையின் ஒரு முனையில் வடக்கத்தியார், அரிசியை வதக்கி வைத்துப் பிறகு அவிப்பவர்கள். மறுமுனையில் தெற்கத்தியார், பச்சை அரிசியைக் கட்டித் தண்ணீரில் வேகவைப்பவர்கள். "வடக்கே செய்வது இலையில் சுற்றிய வறுத்த சோறு" என்று தெற்கத்தி அம்மா சத்தமாகச் சொல்ல, "உங்களுடையது கஞ்சிக் கட்டி" என்று பதில் போனது. வருடா வருடம் நடக்கும் சண்டையாம்.

கொழுக்கட்டை பிடித்த கைதானே என்று எனக்குத் தைரியம். என் முதல் பொட்டலம் நூல் சுற்றும்போதே வயிறு வெடித்து அரிசி கொட்டியது, இரண்டாவது தலையணை மாதிரி வந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்து, என் கட்டைவிரலைப் பிடித்து இலையின் மடிப்பில் வைத்து அழுத்தி, "இங்கே. விடாதே" என்றார். மத்தியானம் கிளம்பும்போது ஒரே நூல்கொத்தில் தொங்கிய இருபது பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் கோணலாக இருந்த நாலு என்னுடையவை. விற்க முடியாதாம்.